மூட்டு மாத்திரை முதல் ஹெப்பாரின் ஊசி வரை: வாசகர் கேள்வி பதில்

மூட்டுத் தேய்மானம் குறித்து நான் முன்பு எழுதிய ஒரு பதிலில் ‘புரோட்டியோகிளைக்கான்’ என்ற சொல்லை விளக்காமலேயே பயன்படுத்திவிட்டேன். பல வாசகர்கள் அதைச் சுட்டிக்காட்டியிருந்தார்கள். தவறு என்னுடையது. இந்த முறை வந்த கேள்விகளில் அந்தச் சொல்லோடு தொடர்புடையவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

எனக்கு வயது 63. முழங்கால் தேய்மானத்துக்காக எட்டு மாதங்களாகக் குளுக்கோசமைன், காண்ட்ராய்டின் சேர்ந்த மாத்திரை சாப்பிட்டு வருகிறேன். தேய்ந்த குருத்தெலும்பு இதனால் மீண்டும் வளருமா? – ஓய்வுபெற்ற ஆசிரியை, திருச்சி

வளராது, அம்மா. ஆனால் அந்த மாத்திரையை உருவாக்கியவர்களின் எண்ணம் முழு மூடநம்பிக்கை அல்ல என்பதால், அது எங்கே சறுக்குகிறது என்பதைச் சொல்ல வேண்டும்.

பாட்டில் கழுவும் பிரஷ் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவிலுள்ள கம்பி ஒரு புரதம். அதிலிருந்து நாலாபுறமும் நீட்டிக்கொண்டிருக்கும் குச்சங்கள் நீண்ட சர்க்கரைச் சங்கிலிகள். அந்தச் சங்கிலிகளுக்குக் கிளைக்கோசமினோகிளைக்கான் என்று பெயர். கம்பியும் குச்சங்களும் சேர்ந்த முழு பிரஷ்தான் புரோட்டியோகிளைக்கான். நம் குருத்தெலும்பில் உள்ள பிரஷுக்கு அக்ரிக்கான் என்று பெயர். அதில் ஒரு கம்பியில் ஏறத்தாழ நூறு காண்ட்ராய்டின் சல்ஃபேட் சங்கிலிகள் நிற்கின்றன. இத்தகைய பிரஷ்கள் பலவும் ஹயலூரானிக் அமிலம் என்ற இன்னொரு நீளமான சங்கிலியில் வரிசையாகக் கோக்கப்பட்டு, கொலாஜன் என்ற புரத இழைகளின் வலைக்குள் அடைபட்டுக் கிடக்கின்றன. சங்கிலிகள் முழுவதும் எதிர்மின் சுமை நிறைந்திருப்பதால் அவை சோடியத்தை இழுக்கின்றன, சோடியத்தின் பின்னால் தண்ணீர் வருகிறது. குருத்தெலும்பின் எடையில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் தண்ணீராக இருப்பதற்கு இதுவே காரணம். நீங்கள் படியில் கால் வைக்கும்போது அந்தத் தண்ணீர் சற்றே பிழியப்பட்டு விலகுகிறது. காலை எடுத்ததும் பிரஷ்கள் அதைத் திரும்ப இழுத்துக்கொள்கின்றன. தேய்மானம் தொடங்கும்போது முதலில் அழிபவற்றுள் இந்த அக்ரிக்கானும் ஒன்று: நம் செல்களே சுரக்கும் சில நொதிகள் அந்தக் கம்பியை வெட்டிவிடுகின்றன.

காண்ட்ராய்டின் குறைகிறது, ஆகவே காண்ட்ராய்டினைச் சாப்பிடுவோம் என்பது கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் வயிற்றுக்குள் போகும் சங்கிலியில் சிறு பங்கே உறிஞ்சப்படுகிறது. குருத்தெலும்புக்கோ ரத்தக் குழாயே கிடையாது. அப்படியே ஏதோ கொஞ்சம் போய்ச் சேர்ந்தாலும், வெட்டுப்பட்ட கம்பியில் குச்சத்தை வெளியிலிருந்து செருக முடியாது. கம்பியையும் குச்சத்தையும் சேர்த்தே குருத்தெலும்புச் செல் தனக்குள் கட்டி வெளியே அனுப்புகிறது. குளுக்கோசமைனையோ நம் உடல் குளுக்கோஸிலிருந்து தானே தயாரித்துக்கொள்கிறது. பற்றாக்குறை மூலப்பொருளில் இல்லை, வெட்டும் நொதியின் வேகத்தில் இருக்கிறது.

அமெரிக்காவில் முழங்கால் வலி உள்ள 1,583 பேரிடம் 24 வாரங்கள் நடத்தப்பட்டு 2006-இல் வெளியான ஆய்வில், இந்த இரண்டும் தனித்தனியாகவோ சேர்ந்தோ, மொத்தக் கணக்கில், வெற்று மாத்திரையை மிஞ்சவில்லை. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களிலேயே 60 சதவீதம் பேருக்கு வலி குறைந்திருந்தது என்பதையும் கவனியுங்கள். உங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்கு ‘நன்றாகக் கேட்டது’ என்பதன் பொருள் இதுவாகவும் இருக்கலாம். கடுமையான வலி இருந்த ஒரு சிறு பிரிவினரிடம் மட்டும் இரண்டும் சேர்ந்தபோது பயன் தெரிந்தது. விளம்பரங்கள் அந்த ஒரு வரியைத்தான் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அமெரிக்க மூட்டுநோய் மருத்துவர் அமைப்பின் 2019 வழிகாட்டுதல் முழங்காலுக்கு இவ்விரண்டையும் பரிந்துரைக்க வேண்டாம் என்றே சொல்கிறது. குளுக்கோசமைன் பெரும்பாலும் இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கப்படுவதால், அவை ஒத்துக்கொள்ளாதவர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு ரத்தக்கசிவு அபாயத்தை இது கூட்டலாம். மாதாமாதம் மாத்திரைக்குச் செலவிடும் தொகையை, தொடைத் தசைக்கான பயிற்சியைச் சொல்லித்தரும் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் கொடுப்பது மேல் என்பது என் கருத்து.

மூட்டுக்குள்ளேயே போடும் ‘ஜெல் ஊசி’யாவது பயன்படுமா? – எஸ்.கே., சேலம்

அந்த ஜெல்தான் மேலே சொன்ன ஹயலூரானிக் அமிலம். 1934-இல் கார்ல் மேயரும் ஜான் பாமரும் மாட்டுக் கண்ணின் உள்ளே இருக்கும் கூழிலிருந்து இதைப் பிரித்தார்கள். கண்ணாடி என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பெயர் வைத்தார்கள். பிற்காலத்தில் சேவலின் கொண்டையிலிருந்து எடுத்தார்கள், இப்போது பாக்டீரியாக்களை வளர்த்தும் எடுக்கிறார்கள். கண்புரை அறுவையின்போது கண்ணின் முன்னறை சரிந்துவிடாமல் தாங்குவதற்கு இது தரும் உதவி ஐயத்துக்கு இடமில்லாதது.

முழங்காலில் கதை வேறு. நலமான மூட்டிலிருந்து எடுத்த நீரின் ஒரு துளியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே வைத்து மெல்லப் பிரித்தால், பாகு பதம் பார்ப்பது போலவே, சில சென்டிமீட்டர் நீளத்துக்குக் கம்பி இழுக்கும். அழற்சி உள்ள மூட்டின் நீர் தண்ணீர் போல உடனே அறுந்துவிடும். ஊசியின் நோக்கம் அந்தப் பதத்தைத் திருப்பித் தருவது. ஆனால் செலுத்திய அமிலம் மூட்டுக்குள் நெடுநாள் தங்குவதில்லை. 70 கிலோ எடையுள்ள ஒருவரின் உடலில் இருக்கும் ஏறத்தாழ 15 கிராம் ஹயலூரானிக் அமிலத்தில் மூன்றில் ஒரு பங்கு ஒவ்வொரு நாளும் சிதைந்து புதிதாக உருவாகிறது என்றால், அதன் வாழ்நாள் எவ்வளவு குறுகியது என்று பாருங்கள். பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது கிடைத்த வலிக்குறைவு மிகச் சிறியது. அறுவை சிகிச்சைக்கு இன்னும் காலம் வராத, வலி மாத்திரையும் ஒத்துக்கொள்ளாத ஒருவருக்கு மருத்துவர் முயன்று பார்க்கலாம். எல்லோருக்கும் வழக்கமாகப் போட வேண்டியதில்லை.

என் தந்தைக்கு டயாலிசிஸ் நடக்கிறது. ஹெப்பாரின் என்ற மருந்தைக் கொடுக்கிறார்கள். அது ரத்தக்கட்டியைக் கரைக்குமா? அது பன்றிக் குடலிலிருந்து எடுக்கப்படுவது என்று கேள்விப்பட்டோம். உண்மையா, மாற்று உண்டா? – எம்.ஏ., மேலப்பாளையம்

இரண்டாவது கேள்விக்கு முதலில்: உண்மைதான். உலகில் இன்று பயன்படும் ஹெப்பாரினில் மிகப் பெரும்பகுதி பன்றியின் குடல் உட்சவ்விலிருந்து எடுக்கப்படுகிறது. இதை நோயாளிக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவதே முறை என்று நான் நினைக்கிறேன். கேட்ட பிறகு சொல்வது அந்தக் குடும்பத்தின் மனதில் வேறொரு உறுத்தலை விட்டுச்செல்கிறது.

கட்டியைக் கரைக்குமா என்றால், இல்லை. ‘ரத்தத்தைக் கரைக்கும் ஊசி’ என்று நாமும் செவிலியர்களும் சொல்லிப் பழகிவிட்டோம். ஏற்கெனவே உறைந்த கட்டியை ஹெப்பாரின் தொடுவதில்லை. அந்தக் கட்டி பெரிதாகாமலும் புதியது உருவாகாமலும் தடுக்கிறது. டயாலிசிஸ் இயந்திரத்தின் பிளாஸ்டிக் குழாய்களைத் தொட்டதுமே ரத்தம் உறையத் தொடங்கும் என்பதால்தான் அங்கே இது தேவைப்படுகிறது.

இதுவும் ஒரு கிளைக்கோசமினோகிளைக்கான்தான். நம் ரத்தத்தில் ஆன்டித்ராம்பின் என்ற புரதம் இயல்பாகவே உறைதலைத் தடுக்கிறது, ஆனால் மிக மெதுவாக. ஹெப்பாரின் சங்கிலி அதைப் பற்றிக்கொண்டதும் அதன் வேகம் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு கூடுகிறது. இதில் வியப்பு என்னவென்றால், நீண்ட சங்கிலி முழுவதும் அந்த வேலையைச் செய்வதில்லை. குறிப்பிட்ட வரிசையில் அமைந்த ஐந்தே சர்க்கரை அலகுகள்தான் ஆன்டித்ராம்பினுக்குள் சாவி போலப் பொருந்துகின்றன; மருந்துக் குப்பியில் இருக்கும் சங்கிலிகளில் சுமார் மூன்றில் ஒன்றில்தான் அந்த ஐந்தும் இருக்கின்றன.

இதைக் கண்டுபிடித்த கதை தலைகீழானது. 1916-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில், ஜே மெக்லீன் என்ற மருத்துவ மாணவர் ரத்தத்தை உறையவைக்கும் ஒரு பொருளைத் தேடிக்கொண்டிருந்தார். கல்லீரலிலிருந்து எடுத்த சாறு அதற்கு மாறாக உறைதலைத் தடுத்தது. பூனையின் ரத்தம் இருந்த ஒரு குடுவையில் அந்தச் சாற்றைக் கலந்து தம் பேராசிரியர் வில்லியம் ஹோவெல்லின் மேசைமேல் வைத்து, இது எப்போது உறைகிறது என்று சொல்லுங்கள் என்று கேட்டதாகவும், அது உறையவே இல்லை என்றும் மெக்லீன் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். 1918-இல் ஹோவெல் கல்லீரலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து ஹெப்பாரின் என்ற பெயரை வைத்தார். மெக்லீன் பிரித்தது இன்றைய ஹெப்பாரின்தானா என்ற விவாதம் அறிவியல் வரலாற்றில் இன்னும் ஓய்ந்தபாடில்லை. நோயாளிக்குச் செலுத்தும் அளவுக்கு இதைத் தூய்மைப்படுத்தியது 1930-களில் டொரன்டோவிலும் ஸ்டாக்ஹோமிலும் நடந்த பணி.

விலங்கிலிருந்து எடுப்பதில் வேறோர் ஆபத்தும் உண்டு. 2007 இறுதியிலும் 2008 தொடக்கத்திலும் அமெரிக்காவில் ஹெப்பாரின் ஏற்றப்பட்ட நோயாளிகளுக்கு, குறிப்பாக டயாலிசிஸ் நோயாளிகளுக்கு, திடீரென ரத்த அழுத்தம் சரிந்தது, பலர் இறந்தார்கள். சீனாவிலிருந்து வந்த மூலப்பொருளில் கலப்படம் இருந்தது. கலந்தது என்ன தெரியுமா? மூட்டு மாத்திரையில் பார்த்தோமே, அதே காண்ட்ராய்டின் சல்ஃபேட். ஆனால் இயற்கையில் இல்லாத அளவுக்குச் செயற்கையாகக் கூடுதல் சல்ஃபேட் ஏற்றப்பட்டது. விலை மலிவு, அன்றைய வழக்கமான சோதனைகளில் ஹெப்பாரின் போலவே நடித்தது. ரத்தத்துக்குள் சென்றதும் பிராடிகைனின் என்ற பொருளைப் பெருக்கி ரத்தக் குழாய்களைத் தளர்த்திவிட்டது. அதன் பிறகே காந்த ஒத்ததிர்வு போன்ற நுண்ணிய சோதனைகள் கட்டாயமாயின.

மாற்று உண்டு. அந்த ஐந்து அலகுகளை மட்டும் விலங்கின் உதவியே இல்லாமல் ஆய்வகத்தில் கட்டிய ஃபான்டாபரினக்ஸ் என்ற மருந்துக்கு 2001-இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. ஐம்பதுக்கும் மேற்பட்ட வேதிப் படிகள் கொண்ட தயாரிப்பு அது; ஹைதராபாதைச் சேர்ந்த டாக்டர் ரெட்டீஸ் நிறுவனம் அதன் பொதுப்பெயர் (ஜெனரிக்) வடிவத்துக்கு 2011-இல் அங்கே ஒப்புதல் பெற்றது. ஆனால் அது சிறுநீரகம் வழியாகவே வெளியேறுவதால், சிறுநீரகம் செயலிழந்த உங்கள் தந்தைக்கு ஹெப்பாரினுக்குப் பதிலாக அதை எளிதில் கொடுத்துவிட முடியாது. சிலருக்கு ஹெப்பாரின் இல்லாமலேயே, இடையிடையே உப்புநீர் விட்டுக் குழாயை அலசி டயாலிசிஸ் செய்ய முடியும். உங்கள் மனத்தடையைச் சிறுநீரக மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லி, இந்த வழி உங்கள் தந்தைக்குப் பொருந்துமா என்று கேளுங்கள். ஹெப்பாரின் தொடங்கி 5 முதல் 10 நாட்களுக்குள் தட்டணுக்கள் பாதிக்கும் கீழே இறங்கினால், அது நோய் எதிர்ப்பு மண்டலம் மருந்தின் மீது காட்டும் எதிர்வினையாக இருக்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

என் அக்கா மகனுக்கு நான்கு வயது. அடிக்கடி காதில் சீழ், குடலிறக்கம், வயிறு பெரிதாக இருப்பது, முகத்தோற்றம் மாறுவது என்று அலைந்து, இப்போது ‘ஹன்டர் நோய், மியூக்கோபாலிசாக்கரிடோசிஸ் இரண்டாம் வகை’ என்கிறார்கள். தாய்மாமனையே கட்டிக்கொண்டதால் வந்தது என்று உறவினர்கள் அக்காவைக் குத்திக்காட்டுகிறார்கள். சிகிச்சை உண்டா? – பெயர் வேண்டாம், விருதுநகர் மாவட்டம்

உறவினர்களுக்கான பதிலை முதலில் தருகிறேன். இந்த இரண்டாம் வகை எக்ஸ் குரோமோசோம் வழியாக வருவது. மகனுக்கு எக்ஸ் தாயிடமிருந்து மட்டுமே வருகிறது. தந்தை யார், அவர் சொந்தமா அசலா என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை. உங்கள் அக்கா யாரை மணந்திருந்தாலும் இது நேர்ந்திருக்கலாம். சில குழந்தைகளுக்குத் தாயிடம் எந்த மரபணு மாற்றமும் இல்லாமல் புதிதாகவும் தோன்றும். ஆகவே தாயைக் குற்றம் சொல்லவும் இடமில்லை. இந்த நோய்க் குடும்பத்தைச் சேர்ந்த மற்ற வகைகள், அதாவது முதல், மூன்றாம், நான்காம், ஆறாம் முதலிய வகைகள், தாய் தந்தை இருவரிடமிருந்தும் வர வேண்டும். அவற்றில் சொந்தத் திருமணம் அபாயத்தைக் கூட்டுவது உண்மை. இந்த வேறுபாட்டை யாரேனும் அந்த வீட்டில் உட்கார்ந்து பொறுமையாகச் சொல்ல வேண்டும்.

நோய் என்னவென்றால், பழைய கிளைக்கோசமினோகிளைக்கான் சங்கிலிகளைச் செல்கள் தமக்குள்ளிருக்கும் லைசோசோம் என்ற பைகளில் போட்டுத் துண்டு துண்டாகப் பிரிக்கின்றன. ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு தனி நொதி. ஒன்று இல்லாவிட்டாலும் வரிசை அங்கேயே நின்றுவிடும். குப்பை அள்ளாத தெரு போலப் பை வீங்கும். கல்லீரல், இதய வால்வு, எலும்பு, தொண்டை, மூளை என்று எங்கும் அது தேங்குகிறது. 1917-இல் கனடாவின் வின்னிபெக் நகரில் சார்லஸ் ஹன்டர் இரண்டு சகோதரர்களிடமும், 1919-இல் ஜெர்மனியில் கெர்ட்ரூட் ஹர்லர் வேறு குழந்தைகளிடமும் இவற்றை விவரித்தார்கள்.

சிகிச்சைக்கு வழி திறந்தது 1968-இல், எலிசபெத் நியூஃபெல்டும் அவர் குழுவினரும் செய்த ஒரு சோதனையில். ஹர்லர் நோய் எனப்படும் முதல் வகை உள்ள குழந்தையின் தோல் செல்களையும் ஹன்டர் நோயுள்ள குழந்தையின் தோல் செல்களையும் ஒரே கிண்ணத்தில் வளர்த்தார்கள். இரண்டும் நோயுற்றவை, ஆனால் சேர்ந்து வளர்ந்தபோது இரண்டிலும் தேக்கம் சரியானது. ஒன்றிடம் இல்லாத நொதி மற்றதிடம் இருந்தது. அது வெளியே கசிந்து அடுத்த செல்லுக்குள் போய் வேலை செய்தது. அப்படியானால் நொதியை வெளியிலிருந்தும் கொடுக்கலாமே! முதல் வகைக்கு 2003-இலும், உங்கள் மருமகனுக்கு வந்துள்ள இரண்டாம் வகைக்கு 2006-இலும் அத்தகைய மருந்துகளுக்கு அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. வாரம் ஒருமுறை நரம்பு வழியாக, வாழ்நாள் முழுவதும் ஏற்ற வேண்டும். கல்லீரல் சுருங்கும், நடையும் மூச்சும் மேம்படும். ஆனால் ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பை நொதி தாண்டுவதில்லை என்பதால் அறிவுத்திறன் பாதிப்பைத் தடுக்காது. அந்தத் தடுப்பைத் தாண்டும்படி வடிவமைத்த ஒரு மருந்துக்கு ஜப்பான் 2021-இல் ஒப்புதல் அளித்தது.

விலை மிக அதிகம். மத்திய அரசின் 2021 அரிய நோய்களுக்கான கொள்கையின் கீழ், அறிவிக்கப்பட்ட சிறப்பு மையங்கள் வழியாக, ஒரு நோயாளிக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. வாழ்நாள் மருந்துக்கு அது போதாது. இருந்தாலும் முதலில் பதிவு செய்யுங்கள். இன்னும் இரண்டு செய்திகள். குழந்தைக்கு எந்த அறுவை சிகிச்சை என்றாலும், சிறிய குடலிறக்க அறுவையே ஆனாலும், மயக்க மருந்து நிபுணருக்கு இந்த நோயின் பெயரை முன்பே சொல்லுங்கள். தடித்த நாக்கும் குறுகிய மூச்சுக்குழலும் குழாய் செருகுவதைக் கடினமாக்கும். அக்கா மீண்டும் கருத்தரிக்க விரும்பினால் முன்னதாகவே மரபணுப் பரிசோதனை செய்துகொள்ளட்டும். அவர் மாற்றத்தைச் சுமப்பவராக இருந்தால் பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. கருவிலேயே கண்டறியவும் முடியும்.

டெங்குவில் தட்டணு குறைவதுதானே ஆபத்து? காய்ச்சல் விட்ட பிறகும் ஏன் மருத்துவமனையில் வைத்திருக்கிறார்கள்? – ஆர்.வி., மதுரை

தட்டணு எண்ணிக்கையையே எல்லோரும் பார்க்கிறார்கள். உயிரைப் பறிப்பது பெரும்பாலும் நீர்க்கசிவு. ரத்தக் குழாயின் உட்சுவர் முழுவதும் ஹெப்பாரினின் உறவான ஹெப்பாரன் சல்ஃபேட் சங்கிலிகளைத் தாங்கிய புரோட்டியோகிளைக்கான்களால் ஆன மெல்லிய பாசி போன்ற படலம் ஒன்று உண்டு. ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா வெளியே கசியாமல் காப்பதில் அதற்குப் பெரும் பங்கு. டெங்கு வைரஸ் வெளியிடும் என்.எஸ்.1 புரதம், ஆம், ரத்தப் பரிசோதனையில் தேடுகிறார்களே அதே புரதம், நம் செல்களின் நொதிகளைத் தூண்டி அந்தப் படலத்தை உரிக்கச் செய்வதாக ஆய்வகச் சோதனைகள் காட்டுகின்றன. உரிந்த துண்டுகள் கடுமையான டெங்கு நோயாளிகளின் ரத்தத்தில் கூடுதலாகக் காணப்படுகின்றன. கசிவு உச்சத்தை அடைவது காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான். ஒன்று இரண்டு நாள் நீடிக்கும். ‘காய்ச்சல் விட்டுவிட்டது’ என்று வீட்டுக்குக் கூட்டிச்செல்லும் அந்த நாளில்தான் கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், சோர்ந்து மயங்குதல் ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். உரிந்த படலத்தை ஒட்டவைக்கும் மருந்து இன்று இல்லை. அளந்து கொடுக்கும் திரவமே சிகிச்சை.

அப்பாவின் எலும்பு மஜ்ஜை அறிக்கையில் ‘சி.டி.138 பாசிட்டிவ்’ என்று இருக்கிறது. இது புதிய நோயா? – ஜே.பி., தூத்துக்குடி

நோயின் பெயர் அல்ல. சி.டி.138 என்பது சின்டெக்கான்-1, அதாவது செல்லின் மேற்பரப்பில் நிற்கும் ஒரு புரோட்டியோகிளைக்கான். எலும்பு மஜ்ஜையில், நோய் எதிர்ப்புப் புரதங்களைச் சுரக்கும் பிளாஸ்மா செல்களை அடையாளம் காண நோயியல் வல்லுநர்கள் அதற்குச் சாயமேற்றிப் பார்க்கிறார்கள். நலமான பிளாஸ்மா செல்லிலும் அது இருக்கும். அறிக்கையில் அதன் அருகே பிளாஸ்மா செல்கள் எத்தனை சதவீதம் என்று எழுதியிருப்பார்கள். 10 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் மைலோமா என்ற, பிளாஸ்மா செல்களில் வரும் புற்றுநோய் குறித்த மற்ற பரிசோதனைகள் தேவைப்படும். அறிக்கையின் முழுப் பிரதியோடு ரத்தநோய் நிபுணரை இந்த வாரமே பாருங்கள்.